ஃபோல்டர் பெட்டியும் ஒரு சம்மனும்

மக்களே, இன்னிக்கு டெங்கு இல்ல, சுகர் இல்ல. கம்ப்யூட்டர்ல ஒரு மெயிலை வேற ஃபோல்டருக்கு மாத்தும்போது ஒரு குட்டிப் பட்டியல் வருமே, அதைப் பத்தித்தான் இந்த இழை. சிரிக்காதீங்க. அந்தப் பட்டியலால ஒரு பொண்ணுக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு.

அடிதடி, விபத்து கேஸ்ல காயச் சான்று எழுதின டாக்டர் பின்னாடி கோர்ட்டுல சாட்சி சொல்லணும். 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டப்படி சம்மனை மின்னணு முறையிலும் அனுப்பலாம். ஆவடி பக்கம் நான் வேலை பாக்குற அரசு ஆஸ்பத்திரிக்கு மெயில்லயும் வருது. நல்ல விஷயம்தான்.

டியூட்டி ரூம்ல ஒரு பழைய கம்ப்யூட்டர். மெயிலும் காலண்டரும் சேர்ந்த ஒரு மென்பொருள். இடது பக்கம் ஐம்பது ஃபோல்டருக்கு மேல. வெளியே ஓ.பி. வரிசை வராண்டா தாண்டி நிக்குது. சம்மன் மெயிலைப் பிடிச்சு "கோர்ட்" ஃபோல்டருக்கு இழுத்தேன். போற வழியில "காப்பீடு" மேல மவுஸ் ஒரு நொடி நின்னுச்சு. உடனே அது தானா விரிஞ்சு, கீழ இருந்ததெல்லாம் ஒரு வரி இறங்கிடுச்சு. நான் விரலை எடுத்த இடத்துல இப்ப இருந்தது "கொள்முதல்". கொ-வுக்கு அடுத்து கோ, அகர வரிசை அப்படி. பஞ்சு, சிரிஞ்ச் டெண்டர் மெயில்களுக்கு நடுவுல சம்மன் போய் உக்காந்துடுச்சு. எங்க போச்சுன்னு திரையில ஒரு வார்த்தை வரல.

தேதியைக் காலண்டர்லயும் குறிச்சேன். எந்தக் காலண்டர்னு கேட்டுச்சு. பட்டியல்ல ரெண்டு பேர், ரெண்டுமே "அவசரப் பிரி…"ன்னு பாதியில வெட்டப்பட்டு நிக்குது. ஒண்ணு நடப்பு டியூட்டி, இன்னொண்ணு நான் அலாரத்தை அணைச்சு மறைச்சு வச்ச போன வருஷத்து டியூட்டி. நான் தொட்டது எதுன்னு நீங்களே சொல்லிடுவீங்க.

வாய்தா அன்னிக்கு நான் ஓ.பி.யில மாத்திரை எழுதிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. லீவு போட்டு, சம்பளம் பிடிச்சாலும் பரவால்லன்னு கோர்ட்டுக்கு வந்து மத்தியானம் வரைக்கும் உக்காந்திருக்காங்க. டாக்டர் வரல, கேஸ் தள்ளிப்போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு பையனுக்குக் காய்ச்சல்னு என்கிட்டயே வந்தாங்க. ஊசி போட்டு முடிச்ச அப்புறம் மெதுவா கேட்டாங்க: "அன்னிக்கு நீங்க ஏன் டாக்டர் வரல?"

இதை ஐ.டி.யில வேலை பாக்குற என் காலேஜ் நண்பன்கிட்ட சொன்னேன். "மச்சி, யூசர் எரர். நீதானே தப்பா இழுத்த?"

இந்தச் சொல் மேலதான் எனக்குக் கோபம்.

எம்.பி.பி.எஸ். படிச்ச யாரையும் கேளுங்க. மயக்க மருந்து மெஷின்ல ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டுற இடத்துல ரெண்டு சின்ன ஊசி நீட்டிட்டு இருக்கும். ஆக்சிஜனுக்கு 2, 5. நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5. வைவாவில கட்டாயம் கேப்பாங்க. தூக்கக் கலக்கத்துல நைட்ரஸ் சிலிண்டரைத் தூக்கிட்டு வந்தாலும் ஆக்சிஜன் இடத்துல அது உக்காராது. "கவனமா மாட்டுங்க"ன்னு சுவத்துல போர்டு எழுதி வச்சிட்டுப் போகல, தப்பு நடக்க வழியே இல்லாத மாதிரி பொருளைச் செஞ்சாங்க. இரண்டாம் உலகப் போர்ல பி-17 விமானங்கள் தரையிறங்கின அப்புறம் விமானிகள் இறக்கைத் தட்டை மடிக்கப் போய்ச் சக்கரத்தை மடிச்சிட்டாங்க. விமானி தப்புன்னுதான் முதல்ல எழுதினாங்க. ஆல்ஃபோன்ஸ் சபானிஸ்ங்கிற உளவியலாளர் போய்ப் பாத்தா, ரெண்டு கைப்பிடியும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்துல! சக்கரத்துக்கான பிடியில சின்ன ரப்பர் சக்கரத்தை மாட்டினாங்க. பிரச்சனை நின்னுச்சு.

மெயில் மென்பொருள் எழுதுறவங்களுக்கு மட்டும் இன்னும் விமானிதான் குற்றவாளி.

சரி, மரம் மாதிரி கிளை கிளையா விரியிற அந்தப் பட்டியல் நம்ம ஊருக்குப் பொருந்துதான்னு பாருங்க. அம்பத்தூர் 2011-ல சென்னை மாநகராட்சியில சேர்ந்துச்சு. தாலுகா 2018-ல திருவள்ளூர் மாவட்டத்துல இருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்துச்சு. 2022 ஜனவரியில இருந்து அம்பத்தூர் போலீஸ் ஆவடி கமிஷனரேட்டுக்குக் கீழ. ஆவடியும் பூந்தமல்லியும் இன்னும் திருவள்ளூர்லதான். இப்ப அம்பத்தூர் ஸ்டேஷன் மெயிலை எந்தக் கிளையில வைப்பீங்க? எங்க மெயில்ல "அம்பத்தூர்"னு மூணு ஃபோல்டர் இருக்கு, மூணு தாய் ஃபோல்டருக்குக் கீழ. மாத்துறப்ப வர்ற பட்டியல் "அம்பத்தூர்"னு மட்டும்தான் காட்டும். எந்த அம்பத்தூர்? முழு வழியையும், "சென்னை › போலீஸ் › அம்பத்தூர்"னு ஒரே வரியில எழுதிக் காட்ட என்ன கேடு?

"சர்ச் இருக்கே, ஃபோல்டரே எதுக்கு?"ன்னு கமெண்ட் வரும், தெரியும். ஜிமெயில் 2004-ல ஃபோல்டரை விட்டுட்டு லேபிளுக்குப் போச்சு. 2011-ல ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 345 பேரோட மெயில் பழக்கத்தைப் பாத்தாங்க. ஒரு மெயிலைத் தேடி எடுக்க சர்ச்ல சராசரியா 17 நொடி, ஃபோல்டர் வழியா 58 நொடி. ஒத்துக்கிறேன். ஆனா வந்ததே ஞாபகம் இல்லாத சம்மனை யாரு சர்ச் பண்ணுவா? கோர்ட் ஃபோல்டரைத் திறந்தா கண்ணுல படணும், அதுக்குத்தான் அது. அப்புறம், தமிழ்ல சர்ச் பண்ணிப் பாத்திருக்கீங்களா? "போரூர்"ல இருக்கிற ஓகாரத்தை ஒரே குறியாவும் பதியலாம், இரட்டைக் கொம்பும் காலும்னு ரெண்டு குறியாவும் பதியலாம். கண்ணுக்கு ஒண்ணுதான். ரெண்டையும் ஒண்ணுன்னு புரிஞ்சுக்காத மென்பொருள், "இல்லை"ன்னு சொல்லிட்டுப் போயிடும். பூந்தமல்லி, பூவிருந்தவல்லி கதை வேற தனி.

நான் கேக்குறது ராக்கெட் இல்ல. பட்டியல் திறந்ததும் கர்சர் தட்டச்சுக் கட்டத்துல நிக்கட்டும், "ஆவ"ன்னு அடிச்சா ஆவடி வரட்டும். அடிக்கடி போற ஃபோல்டர் மேல இருக்கட்டும். தண்டர்பேர்ட்ல சமீபத்திய ஃபோல்டர்கள் தனியா வருது, ஜிமெயில்ல 'வி' அழுத்தினா பேரை அடிச்சே மாத்தலாம். அதனால முடியாதுன்னு யாரும் கதை விட வேணாம். ஆனா போன தடவை போன ஃபோல்டரை முன்னாடியே தேர்ந்தெடுத்து வைக்காதீங்க. அது போன பேஷண்டோட மருந்துச் சீட்டை அடுத்த பேஷண்டுக்கு நீட்டுற மாதிரி. இழுக்குறப்ப பட்டியல் நகரக் கூடாது. மறைச்சு வச்ச காலண்டர்ல எழுதப் போனா "இது மறைவில் உள்ளது"ன்னு சொல்லணும். மெயில் போன அப்புறம் எங்க போச்சுன்னு ஒரு வரி, பக்கத்துல "திரும்ப எடு". அந்த வரி அஞ்சு நொடியில மறையக் கூடாது, ஏன்னா அந்த அஞ்சு நொடியில என் முன்னாடி ஒரு குழந்தை வாந்தி எடுத்துட்டு இருக்கும்.

அந்தப் பொண்ணுகிட்ட "தப்பு என்னோடதும்மா"ன்னு சொன்னேன். ஃபோல்டர் கதையை எப்படிச் சொல்றது? அடுத்த வாய்தா சம்மனை பிரிண்ட் எடுத்து, டியூட்டி ரூம் சுவத்துல மைக்ரோபோர் போட்டு ஒட்டி வச்சிருக்கேன்.