‘இயல்புநிலை’ என்பது சரியான நிலையன்று

தொலைக்காட்சி நிலையங்களிலும் கல்வி ஒளிபரப்புக் கூடங்களிலும் படத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு ஏந்திச் செல்லும் வேலையைக் கோஆக்சியல் கேபிள் நெடுங்காலமாகச் செய்து வந்தது. பல இடங்களில் இன்றும் செய்து வருகிறது. ஒரு கேபிள், ஒரு படம், ஒரு திசை என்பது அம்முறையின் விதி. இரு முனைகளையும் பொருத்தியவுடன் படம் வந்துவிடும். அமெரிக்காவிலுள்ள திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் 2017-ஆம் ஆண்டில் எஸ்.டி. 2110 என்னும் தர அளவையின் முதற் பகுதிகளை வெளியிட்டது. அதன்படி, சுருக்கப்படாத படம் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, கணிப்பொறி வலையமைப்பின் வழியே செல்கின்றது.

இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும், கணிப்பொறியில் வலையமைப்பு அட்டையைப் பொருத்திக் கம்பியைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்னும் எண்ணமும் இதனுடன் பரவி வருகிறது. இவ்வெண்ணம் பிழையானது, பொதுப்பணத்தை வீணாக்கவும் வல்லது.

சிறு கணக்கொன்று இதனை விளக்கும். 1920 புள்ளி அகலமும் 1080 வரி உயரமும் கொண்ட படத்தில் புள்ளியொன்றுக்கு 20 பிட் வீதம், விநாடிக்கு 25 முழுப்படங்கள் செல்வதாகக் கொள்வோம். விநாடிக்கு 103 கோடியே 68 லட்சம் பிட்டுகள் ஆகின்றன. அலுவலகக் கணிப்பொறிகளில் பரவலாகக் காணப்படும் ஒரு கிகாபிட் அட்டையின் கொள்ளளவு விநாடிக்கு 100 கோடி பிட்டே. ஆகவே, அத்தகைய அட்டை இப்படம் ஒன்றைக்கூடச் சுமக்க இயலாது. விநாடிக்கு 50 படங்கள் கொண்ட 4கே காட்சிக்கு ஏறத்தாழ 829 கோடி பிட்டுகள் வேண்டும். பத்து கிகாபிட் அட்டையிலும் அத்தகைய காட்சி ஒன்றுதான் செல்லும், இரண்டாவதற்கு இடமில்லை.

கொள்ளளவு போதுமானதாயினும் தொல்லை தீர்ந்துவிடாது. மேற்சொன்ன முதற் படத்தின் ஒவ்வொரு வரியையும் 1200 பைட் கொண்ட நான்கு பொட்டலங்களாக அனுப்பினால், விநாடிக்கு 1,08,000 பொட்டலங்கள் வந்து சேரும். அட்டையின் வரவுச் சேமிப்பில் 1024 இடங்கள் உள்ளன என்று கொள்வோம். கணிப்பொறி வேறு பணியில் ஈடுபட்டுப் பத்து மில்லி விநாடி தாமதித்தாலும் அவ்விடங்கள் நிரம்பிவிடும். பின்வரும் பொட்டலங்கள் கைவிடப்படும். கோப்பினை அனுப்பும்போது தொலைந்த பகுதியை மீண்டும் கேட்டுப் பெறலாம். ஓடும் படத்தில் அதற்கு நேரமில்லை. தொலைந்தது தொலைந்ததே, திரையில் கீறலும் சிதைவும் தோன்றும். ஆதலின் வரவுச் சேமிப்பின் அளவை உயர்த்துதல், செயலியின் மின்சிக்கன உறக்கத்தைக் கட்டுப்படுத்துதல், அட்டையைப் போதிய அகலமுள்ள செருகுவாயில் பொருத்துதல், அவ்வாயுடன் நேரடித் தொடர்புள்ள செயலிக்கே இப்பணியை ஒப்படைத்தல் ஆகியவை இன்றியமையாதவை.

காலக்கணக்கு மற்றொரு செய்தி. படமும் ஒலியும் தனித்தனிப் பொட்டலங்களாகச் செல்வதால், எல்லாச் சாதனங்களும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். ஐ.இ.இ.இ. 1588 என்னும் முறையை அடிப்படையாகக் கொண்ட எஸ்.டி. 2059 தர அளவை, சாதனங்களுக்கிடையே ஒரு மைக்ரோ விநாடிக்குள் ஒற்றுமையை நாடுகிறது. பொட்டலம் வந்த கணத்தை அட்டையே தன் கடிகாரத்தால் குறிக்குமாயின் இத்துல்லியம் கைகூடும். அவ்வசதி இருந்தும் அதனை இயக்காமல் விட்டால், மென்பொருள் தன் ஓய்வுக்கேற்பக் குறிக்கும் நேரமே கிட்டும்.

ஒரே கணிப்பொறியில் இரண்டு அட்டைகள் இருக்கும்போது வேறொரு சிக்கல் எழுகின்றது. மல்டிகாஸ்ட் முறையில், கேட்பவருக்கு மட்டுமே ஸ்விட்ச் படத்தை அனுப்பும். அக்கோரிக்கை அலுவலக வலையமைப்பின் அட்டை வழியே சென்றுவிட்டால், ஒளிபரப்பு அட்டை நலமாயிருந்தும் திரை இருண்டே கிடக்கும். அப்பொழுது அட்டை பழுது என்று எழுதி, வேறொன்று வாங்கப் பரிந்துரைப்பது எளிது. ஆனால் புதிய அட்டையும் அதே இருளைத்தான் காட்டும்.

இவ்விடத்தில், மொழிபெயர்ப்புப் பணியில் உள்ளவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். ஆங்கிலக் கையேடுகளில் வரும் ‘டிஃபால்ட்’ என்னும் சொல் தமிழில் ‘இயல்புநிலை’ என்று வழங்குகிறது. இயல்பானது என்றதும், அதுவே முறையானது, மாற்றத் தகாதது என்னும் பொருளும் படிப்பவர் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. உண்மையில் அது, செய்தவர் பொதுப் பயனுக்கென விட்டுவைத்த தொடக்கநிலையேயன்றி வேறில்லை. கடிதமும் கோப்பும் அனுப்புவோருக்கு அது பொருந்தும். ஒளிபரப்புக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ‘தொடக்கநிலை’ என்று எழுதினால், அதற்கப்பால் செய்ய வேண்டியது ஏதோ உண்டு என்பதைச் சொல்லே உணர்த்தும்.

‘இவையெல்லாம் விற்பவரின் பொறுப்பல்லவா? பள்ளிகளுக்குப் பாடம் அனுப்பச் சுருக்கிய படமே போதுமே!’ என்று சிலர் வினவலாம். பள்ளிக்குச் செல்லும் வழியில் சுருக்கிய படம் போதும் என்பது உண்மையே. ஆனால் அப்பாடம் உருவாகும் கூடத்தில் இப்புதிய முறை கையாளப்படுமாயின், அங்கே நேரும் சிதைவு கடைசி வகுப்பறை வரை தொடரும். விற்பவரோ அட்டையைப் பொருத்திவிட்டுச் சென்றுவிடுவார். ஒரு நாள் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பினால், அங்கிருப்பவர் களப்பணியாளரே.

ஆகவே மூன்று செயல்கள் உடனே செய்யத்தக்கவை. முதலாவது, ஒவ்வொரு கணிப்பொறிக்கும் அதன் அட்டையின் அமைப்புகள் அனைத்தையும் தேதியுடன் குறித்த தாள் ஒன்று அருகிலேயே இருத்தல் வேண்டும். இரண்டாவது, சாதனத்தை ஏற்றுக்கொள்ளுமுன் ஒரு முழு நாள் படத்தை ஓட்டி, கைவிடப்பட்ட பொட்டலங்களின் எண்ணிக்கையை அட்டையிடமிருந்தே கேட்டறிந்து பதிவு செய்தல் வேண்டும். படம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்பது சோதனையாகாது. மூன்றாவது, பாலிடெக்னிக் ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கை மாணவர்களுக்குச் செய்முறையாகவே கற்பித்தல் வேண்டும். பெருக்கல் அறிந்த எவரும் இதனைச் செய்யலாம்.

தாளும் எழுதுகோலும் கொண்டு அரைமணி நேரத்தில் முடியக்கூடிய கணக்கை விடுத்து, புதிய சாதனத்திற்கு விண்ணப்பம் எழுதுவது சிக்கனமும் அன்று, விஞ்ஞானமும் அன்று.