மண்ணைச் சோதிக்கிறீர்கள், சாதியை எப்போது சோதிப்பீர்கள்?

கொடுங்கையூர் குப்பைமேட்டில் 66 லட்சம் டன்னுக்கும் மேல் பழைய குப்பை குவிந்திருந்தது. இது நம் கணக்கு இல்லை, சென்னை மாநகராட்சி சொன்ன கணக்கு. அதைத் தோண்டி, சலித்து, பிரித்து, 250 ஏக்கர் அளவு நிலத்தை மீட்க ஏறத்தாழ 640 கோடி ரூபாயில் திட்டம் போட்டிருக்கிறார்கள். தூய்மை இந்தியா இயக்கம் 2.0 வழியாக வரும் அரசு நிதியோடு மாநகராட்சியின் பங்கும் சேர்ந்த பணம் அது.

நிதி வாங்கியதை நாம் குறை சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளாக அந்தப் புகையைக் குடித்த மக்கள் கேட்டுக் கேட்டுக் கிடைத்த பணம் அது. யாரும் தானமாகப் போடவில்லை. நம் கேள்வி வேறு. மேட்டில் எத்தனை டன் இருக்கிறது என்று அளந்தார்கள். எத்தனை ஏக்கர் என்று அளந்தார்கள். ஒரு டன்னைப் பிரிக்க எவ்வளவு செலவாகும் என்று அளந்தார்கள். மேட்டின் அடிவாரத்தில் யார் குடியிருக்கிறார்கள், அவர்கள் ஏன் அங்கே குடியிருக்கிறார்கள் என்பதை அளந்தார்களா?

எழில் நகருக்கோ கிருஷ்ணமூர்த்தி நகருக்கோ போய்ப் பாருங்கள் தோழர்களே. கூலி வேலைக்குப் போகிறவர்கள், தூய்மைப் பணிக்குப் போகிறவர்கள், அந்த மேட்டிலேயே இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி வாழ்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். தலித் மக்களும், அவர்களோடு சேர்த்து நகரம் ஒதுக்கி வைத்த பிற உழைக்கும் மக்களும். மேடு தீப்பிடித்தால் கதவைச் சாத்திக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வழி இல்லை. இந்த விவரம் எந்தத் திட்ட அறிக்கையில் வரும்? "சுற்றுப்புறக் குடியிருப்புகள்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள்.

இது மறதியால் நடப்பதில்லை. ஊருக்கு வெளியே சேரியை வைத்தார்கள். செத்த மாட்டை இழுத்துப் போடும் வேலையைச் சேரிக்குக் கொடுத்தார்கள். நகரம் வளர்ந்தபோது அதே வரைபடம்தான் பெரிதானது. நகரத்தின் அழுக்கு வடக்கே போனது. மணலியில் பெட்ரோ கெமிக்கல் ஆலைகள், எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பல், கொடுங்கையூரில் குப்பை. அழுக்கு எங்கே போகிறதோ அங்கே நாம் இருக்கிறோம். நாம் எங்கே இருக்கிறோமோ அங்கே அழுக்கை அனுப்புகிறார்கள். இரண்டில் எது முதலில் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: இரண்டையும் முடிவு செய்கிற கை ஒன்றுதான்.

அந்தக் கையைப் பார்க்க வேண்டுமானால் தெற்கையும் வடக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெருங்குடி குப்பைமேடு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் இருக்கிறது, பழைய மகாபலிபுரம் சாலையின் ஐடி கம்பெனிகளுக்குப் பக்கத்தில். அங்கே பயோமைனிங் முதலில் தொடங்கியது. 2022ல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் தகுதியும் கிடைத்தது. பறவைகள் திரும்பி வரட்டும், நமக்கும் மகிழ்ச்சிதான். கொடுங்கையூருக்கு முறை பிறகுதான் வந்தது. அதோடு சேர்த்து ஒரு பரிசும் வந்தது: நாள் ஒன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைத் திட்டம். பழைய குப்பையை எடுக்க ஒரு நிதி, அதே மண்ணில் புதிய புகையைக் கொண்டுவர இன்னொரு திட்டம். 2025 மே மாதம் வடசென்னை மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றது இதற்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். 90 நாளில் முதல்கட்ட ஆய்வு, அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. மாசுபடுத்தியவர் யார் என்று கண்டுபிடித்து அவரிடம் செலவை வாங்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் அரசுகள் செலவைச் சுமக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வுக்குக் கெடு வைத்தவர்கள், சுத்தம் செய்து முடிக்கக் கெடு வைக்கவில்லை. இந்த விதிகள் வந்த நேரத்தில் நாடு முழுவதும் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. சீரமைப்பு தொடங்கியிருந்தது 7 இடங்களில்தான். ஆய்வு செய்வதையே வேலையாக வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். குப்பைமேடுகளால் வரும் மாசு பொதுவாக இந்த விதிகளுக்குள் வராது. அதற்கு வேறு விதி இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். தலித் குடியிருப்புகளை ஒட்டிக் குப்பை கொட்டாத நகராட்சியையோ பேரூராட்சியையோ தமிழ்நாட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும். மாசடைந்த நிலம் என்ற சொல்லுக்குள்ளேயே நம் நிலத்துக்கு இடம் குறைவு.

இழப்பீடு என்று வரும்போது என்ன நடக்கும்? வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியைப் பாருங்கள். தோல் பதனிடும் தொழில் பாலாற்றைக் கொன்றது. 1996ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் ஊன்றி நின்றது அந்தத் தீர்ப்பால்தான். சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் அதே பாலாற்று மாசுக்காக, இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கச் சொல்லி 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் நச்சுக் கழிவு லட்சக்கணக்கான டன் கணக்கில் அங்கேயே கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாக ஓடியது. ஆய்வுக்குப் பஞ்சம் இருந்ததா? ஆய்வு மேல் ஆய்வு நடந்தது. கழிவு மட்டும் நகரவில்லை.

அந்த இழப்பீட்டுக் கணக்கு பெரும்பாலும் பாழான விவசாய நிலத்தை வைத்துப் போட்டது. நிலமே இல்லாதவர் என்ன ஆனார்? தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்றவர் யார்? தோலைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன சமூகம், அந்தத் தோலில் வந்த லாபத்தைத் தொடத் தயங்கவில்லை. கை வெந்து, தோல் உரிந்து, மூச்சு இரைத்தவருக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாதவருக்கு இழப்புக் கணக்கும் கிடையாது. 1892ல் பஞ்சமி நிலம் என்று நமக்காக ஒதுக்கிய நிலங்களையும் பிடுங்கிக்கொண்டு, இன்று பட்டா எங்கே என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியை உலகத்தில் முதலில் கேட்டவர்கள் நாம் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வாரன் கவுண்டி என்ற ஊர்ப்பகுதி. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஏழைப் பகுதி அது. 1982ல் பிசிபி என்ற நச்சு கலந்த மண்ணை மாநில அரசு அங்கே கொண்டுவந்து புதைத்தது. லாரிகளுக்கு முன்னால் மக்கள் படுத்தார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். மண்ணைத் தடுக்க முடியவில்லை, ஆனால் கேள்வியைப் புதைக்க முடியவில்லை. 1987ல் ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் இன நீதி ஆணையம் நாடு முழுவதும் கணக்கெடுத்தது. நச்சுக் கழிவு நிலையங்கள் எங்கே அமைகின்றன என்பதைத் தீர்மானிப்பதில் வருமானத்தைவிட இனமே வலுவான காரணி என்று அந்த அறிக்கை எண்ணிக்கையோடு காட்டியது. அதன் பிறகுதான் அங்கே அரசுகள் நிதி ஒதுக்கும்போது எந்த மக்கள் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டி வந்தது.

இங்கே அப்படி ஓர் அரசுக் கணக்கு எங்கே? இனத்தை அவர்கள் எண்ணினார்கள். சாதியை எண்ண இங்கே கை நடுங்குகிறது. குப்பைமேடு, எரியாலை, கழிவுநீர் நிலையம், சாயக் கழிவு, தோல் கழிவு, இவற்றைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்கிறவர்களைச் சாதிவாரியாக எண்ணி ஒரு வரைபடம் போடுங்கள். அந்த ஒரு வரைபடம், ஆயிரம் பக்க மண் ஆய்வு சொல்லாததைச் சொல்லிவிடும். அதனால்தான் போட மாட்டார்கள்.

இந்தக் குப்பையை அன்றாடம் தொடுகிறவர்களை மாநகராட்சி எப்படி நடத்தியது? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. குப்பையை அகற்றக் கோடிக்கணக்கில் நிதி வாங்கும் அதே கட்டடத்தின் வாசலிலிருந்து, குப்பையை அள்ளும் மக்களைக் குப்பையைப் போல அகற்றினார்கள்.

நிலம் சுத்தமான பிறகு என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். கூவத்தைச் சீரமைக்கிறோம் என்றார்கள். கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற தூரத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளின் பள்ளி போனது, அம்மாக்களின் வீட்டு வேலை போனது. ஆறு நாறியபோது அங்கே வாழலாம். ஆற்றைச் சுத்தம் செய்யப் போகும்போது நாம் ஆக்கிரமிப்பாளர்கள். கொடுங்கையூரில் மீட்கப்படும் நிலத்துக்கும் நாளை விலை வரும். அன்றைக்கு எழில் நகர் மக்களைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று இன்றைக்கே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

அதனால் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒன்று. மாசடைந்த நிலத்தை ஆய்வு செய்ய எந்த மாநகராட்சி, நகராட்சி நிதி வாங்கினாலும், சுற்றி வாழ்கிறவர்களின் சாதி, தொழில், குடியிருப்பு வரலாறு அந்த ஆய்வின் பகுதியாக இருக்க வேண்டும்.

இரண்டு. மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிப்பதோடு மக்களின் உடல்நலத்தையும் சோதிக்க வேண்டும். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம், பெரியவர்களின் நுரையீரல். ரத்தம் எடுப்பது என்றதும் நமக்கு வேங்கைவயல் நினைவுக்கு வரும். குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த வழக்கில் பாதிக்கப்பட்ட மக்களிடமே ரத்த மாதிரி கேட்டார்கள். கடைசியில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை போட்டார்கள். ஆகவே எடுக்கிற ரத்தம் சிகிச்சைக்கு மட்டுமே என்று முதலில் எழுதித் தர வேண்டும். முடிவு அந்தந்தக் குடும்பத்தின் கையில் தமிழில் வர வேண்டும்.

மூன்று. ஆய்வு முடிவுகளை வார்டு குழுவிலும் பகுதி சபையிலும் வைத்துப் பேசாமல் அடுத்த டெண்டர் போகக் கூடாது.

நான்கு. மேட்டில் பொறுக்கி வாழ்கிறவர்களுக்கு மாற்று வேலையும், தூய்மைப் பணியாளர்களுக்குப் பணி நிரந்தரமும் வேண்டும்.

ஐந்து. மீட்ட நிலத்தைக் காரணம் காட்டி ஒரு குடும்பத்தையும் வெளியேற்றக் கூடாது. இருக்கும் இடத்திலேயே பட்டா. எரியாலைத் திட்டத்தைக் கைவிட வேண்டும்.

மாணவத் தோழர்களே, இதற்குப் பெரிய அமைப்பு வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட 10 ரூபாய் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் ஊர் நகராட்சியிடம் நான்கு கேள்வி கேளுங்கள். மாசடைந்த நிலத்துக்கென்று எவ்வளவு நிதி வந்தது? ஆய்வு செய்த நிறுவனம் எது, அறிக்கையின் நகல் எங்கே? சுற்றிலும் எத்தனை ஆதிதிராவிடர், அருந்ததியர் குடும்பங்கள் வாழ்கின்றன? அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்ததா? மூன்றாவது கேள்விக்கு "தகவல் இல்லை" என்றுதான் பதில் வரும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நம்மை எண்ணவே இல்லை என்று அரசே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆவணம் அது.

பிறகு நாமே எண்ணுவோம். ஒரு நோட்டு, ஒரு பேனா, வீடு வீடாக நான்கு பேர். மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று அவர்கள் சொல்லட்டும். அந்த மண்ணில் யாரை வாழ வைத்தார்கள் என்று நாம் சொல்வோம்.

ஜெய்பீம்.