கடைசி ஆள் முன்னால் போகட்டும்

முதலில் போட்ட திட்டம் கன்னியாகுமரியிலிருந்து லே வரை. தார்ச்சாலை கூடாது. வண்டித் தடம், கால்வாய்க் கரை, காட்டுப் பாதை, மலைப் பாதை என்று தேசத்தை நெட்டுக்குத்தாக சைக்கிளில் கடப்பது. நான்கு பேரும் ஐந்தே நிமிடத்தில் ஒருமனதாக ஒப்புக்கொண்டோம். இவ்வளவு சீக்கிரம் ஒருமனதாக நிறைவேறும் தீர்மானத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்பது இருபது வருடப் பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற பாடம். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் வங்கி நண்பர் கணக்குப் போட்டார். இந்தியாவின் வடக்கு தெற்கு நீளம் 3,214 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது நேர்கோடு. மண் பாதையில் சுமையோடு ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் போனாலே பெரிய காரியம். வளையாமல் நெளியாமல் போனால்கூட 54 நாள். "54 நாள் லீவு கேட்டா மேனேஜர் சந்தோஷமா என்னை நிரந்தரமாவே அனுப்பிச்சிடுவார்" என்றார். தேசம் அன்றே சுருங்க ஆரம்பித்தது. லே போனது. கன்னியாகுமரி போனது. கடைசியில் எஞ்சியது சிம்லாவிலிருந்து கின்னௌர், ஸ்பிதி வழியாக மணாலி. சுமார் 600 கிலோமீட்டர், 11 நாள்.

நாங்கள் நால்வரும் மதுரையில் ஒன்றாகப் படித்தவர்கள். வங்கி நண்பர் சென்னையில். பொறியாளர் பெங்களூரில். மூன்றாமவர் புதுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துப் பெண்களைப் பெருந்திரளாக சைக்கிளில் ஏற்றியபோது, அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய சிறுமி. எங்களுக்கு சைக்கிள் பொழுதுபோக்கு. அவருக்கு அது ஒரு காலத்தில் ஊரை விட்டு வெளியே போகும் வழி. நான்காவது ஆசாமி தில்லியில் மொழிபெயர்த்துப் பிழைக்கும் நான்.

ஸ்பிதியைச் சொன்னது நான்தான். காரணத்தை அப்போது முழுதாகச் சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் தாபோ என்றொரு கிராமம். அங்கே கி.பி. 996-ல் நிறுவப்பட்ட மண் சுவர் பௌத்த மடம் இன்னும் வழிபாட்டில் இருக்கிறது. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ரின்சென் சாங்போ. சமஸ்கிருத பௌத்த நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுபோனவர்களில் தலையாயவர். 'மகா மொழிபெயர்ப்பாளர்' என்பதே அவருக்குப் பட்டம். கல்வி கற்க மன்னர் யேஷே ஓ காஷ்மீருக்கு அனுப்பிய இளைஞர்கள் 21 பேர். உயிரோடு திரும்பியவர்கள் அவரும் இன்னொருவரும் மட்டுமே என்கிறது திபெத்திய மரபு. மற்றவர்களைப் பள்ளநாட்டு வெப்பமும் நோயும் கொண்டுபோயின. மொழிபெயர்ப்புக்கு இத்தனை விலை கொடுத்தவரின் மடத்து வாசலில் ஒரு முறை நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆசை என்ன செய்யும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

திட்டமிடுவது என்றால் வரைபடத்தில் கோடு கிழிப்பது என்று நினைத்திருந்தோம். முதல் கேள்வியே வேறு: எந்தப் பக்கமிருந்து கிளம்புவது? தில்லியிலிருந்து மணாலிதான் பழகிய வழி. ஆனால் சுமார் 2,000 மீட்டர் உயரத்திலுள்ள மணாலியில் கிளம்பினால் இரண்டு மூன்று நாளிலேயே 4,500 மீட்டரைத் தாண்டும் குன்ஜும் கணவாய் எதிரே நிற்கும். உடம்பு பழக அவகாசம் இல்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஆறில் மூன்றரைப் பங்குதான். சிம்லா பக்கம் தூரம் அதிகம், ஏற்றம் நிதானம். நார்கண்டா, ராம்பூர், கல்பா, நாகோ, தாபோ, காஜா என்று ஏறி இறங்கி, இறங்கி ஏறி, குன்ஜும் கடைசியில் வரும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் ஒவ்வொரு இரவும் படுக்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட இரவில் எங்கே படுத்தோம் என்பதுதான் கணக்கு.

அடுத்த கேள்வி, எப்போது? குன்ஜும் திறந்திருப்பது பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரை. ஜூலை, ஆகஸ்டில் கின்னௌர் மலைகள் சரியும். 2021 ஆகஸ்ட் 11 அன்று நிகுல்சரியில் மலை சரிந்து பேருந்தையும் வாகனங்களையும் மூடியதில் 28 பேர் இறந்தார்கள். நாங்கள் போகப்போகும் அதே சாலை. சரி, செப்டம்பர் கடைசி என்றார் பெங்களூர் நண்பர். 2018 செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குப் பின் பருவம் தப்பிப் பெய்த பனியில் லாஹுல் ஸ்பிதியில் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டதையும், விமானப்படை ஹெலிகாப்டர்கள் போக வேண்டியிருந்ததையும் ஆசிரியை எடுத்துக் காட்டினார். மழைக்கும் பனிக்கும் நடுவே இருப்பது ஒரு சந்து. செப்டம்பர் முதல் வாரம் கிளம்புவது என்று முடிவாயிற்று.

சாலைக்குத் தேசிய நெடுஞ்சாலை 505 என்று எண் இருக்கிறது. சாலைதான் பல இடங்களில் இல்லை. குன்ஜும் தாண்டி இறங்கினால் பாதல், பிறகு சத்ரூ, பிறகு கிராம்ஃபூ. தமிழ் எம்.ஏ. காதில் ஒன்று பகைவனாகவும் மற்றொன்று கிராம்பாகவும் விழுகிறது. ஆண்டுதோறும் சாலை வேலை நடந்தாலும் அந்த நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் உருளைக்கல்லும் சேறும் ஓடைகளும்தான் பிரசித்தம். இமாசல மலைச்சாலைகளில் 'பாகல் நாலா' என்று பெயர் பெற்ற ஓடைகள் உண்டு. பைத்தியக்கார ஓடை. பெயர் வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடுவது, வெயில் ஏறிப் பனி உருகியதும் பிற்பகலில் முழங்காலைத் தாண்டும். ஆகவே ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். அதற்கு விடியுமுன் எழ வேண்டும். வங்கி நண்பர் இதைத்தான் பயணத்தின் மிகப் பெரிய ஆபத்தாகக் கருதுகிறார்.

சாமான்கள் விஷயத்தில் பெங்களூர் நண்பர் சர்வாதிகாரி. சைக்கிளுக்கு இரண்டங்குலத்துக்குக் குறையாத அகல டயர், ஆளுக்கு இரண்டு ட்யூப், பஞ்சர் சாமான், செயின் இணைப்புகள், பிரேக் கட்டைகள், சில ஸ்போக்ஸ் கம்பிகள். இவை போக 'ஹேங்கர்' என்றொரு விரல் நீள அலுமினியத் துண்டு. பின்பக்க கியரைச் சட்டத்தோடு பிணைப்பது. சைக்கிள் சாய்ந்து கல்லில் இடித்தால் சட்டம் உடையாமல் தான் வளைந்தோ உடைந்தோ போவதுதான் அதன் பிறவிப் பயன். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம். உடைந்தால் காஜாவில் கிடைக்காது. லட்ச ரூபாய் சைக்கிள் ஒரு சின்னத் துண்டுக்காகப் படுத்துவிடும். ஆளுக்கு இரண்டு வாங்கினோம்.

பெரிய சண்டை ஜீப்பால் வந்தது. காஜாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. லோசரைத் தாண்டினால் மனித வாசனையே அருமை. அந்தத் துண்டுக்காவது பின்னால் ஒரு ஜீப் வரட்டும் என்றார் ஆசிரியை. "ஜீப் பின்னால வந்தா அது சைக்கிள் பயணமா, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்றார் வங்கி நண்பர். நானும் ஜீப்புக்கு எதிராகவே வாக்களித்தேன். தன்முயற்சி, தற்சார்பு என்று என் வாதம் இலக்கிய நயத்தோடு இருந்ததாக ஞாபகம்.

இந்தக் கட்டத்தில்தான் உடல்நலப் படிவம் வந்தது. எழுதுகிறவன் என்பதால் தயாரித்தவன் நான்தான். வயது, ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண், தொடர்ந்து எடுக்கும் மருந்து. நால்வரும் பார்க்கும்படி ஒரே தாள். கடைசிக் கட்டத்தில் நான் 'இல்லை' என்று எழுதினேன். நான்கு வருடமாகத் தினமும் காலையில் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை விழுங்குகிறவன். எழுதிய அன்று காலையிலும் விழுங்கியிருந்தேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. பயம்தான். சொன்னால் "நீ காஜாவுக்கு ஜீப்புல வந்துடு" என்று அன்பாகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கருணையோடு விலக்கப்படுவது, சண்டை போட்டு விலக்கப்படுவதைவிட மோசம். தாபோவின் வாசலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மாத்திரை நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். வார்த்தையைப் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் தொழில். என் உடம்பைப் பற்றிய ஒரு வார்த்தையை நானே திரித்தேன்.

ஆசிரியை தன் கட்டத்தை நிரப்பியிருந்தார். தைராய்டு மாத்திரை, அளவு. மாதவிடாய் நிற்கும் பருவம் என்பதால் சில இரவுகள் தூக்கம் வராது. மறுநாள் எரிச்சலாகப் பேசினால் மன்னிக்க வேண்டும். மூன்று ஆண்கள் பார்க்கும் தாளில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். கீழே ஒரு குறிப்பு: "மேலே போனால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை நாலு பேருக்கும் வரலாம். எது உயரத்தால், எது ஏற்கெனவே இருப்பதால் என்று தெரிந்தால்தான் ஒருவரை ஒருவர் காப்பாற்ற முடியும்."

அன்றிரவு 'இல்லை'யை அடித்துவிட்டு மாத்திரையின் பெயரை எழுதினேன். ஏன் மறைத்தேன் என்று இரண்டு வரியும் எழுதினேன். பதிலுக்குக் காத்திருந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அரை மணி நேரத்துக்குள் தாளில் இன்னும் இரண்டு 'இல்லை'கள் மறைந்தன. வங்கி நண்பருக்கு ஆஸ்துமா. பையில் எப்போதும் இன்ஹேலர். சாமான் சர்வாதிகாரிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. மூன்று மாதமாக நாங்கள் திட்டமிட்டது யாரோ மூன்று ஆரோக்கியமான ஆண்களுக்கான பயணம். அவர்கள் எங்கள் குழுவிலேயே இல்லை.

டாக்டரிடம் போனேன். உயரம் கூடக் கூட ரத்த அழுத்தமும் ஏறலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது, அளக்கும் கருவி கையில் இருக்க வேண்டும், உயர நோய்க்கான மாத்திரையை நண்பர்கள் கொடுத்தார்கள் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்றார். கட்டுப்பாட்டில் இருந்தால் போகலாம், கிளம்புமுன் இன்னொரு முறை வாருங்கள் என்றும் சொன்னார். 'போகக் கூடாது' என்ற வார்த்தையைத்தான் நான்கு மாதமாகப் பயந்து ஒளித்துவைத்திருந்தேன். அதை அவர் சொல்லவே இல்லை.

பிறகு திட்டம் மாறியது. 11 நாள் 15 ஆயிற்று. நாகோ சுமார் 3,600 மீட்டர். அங்கே ஒரே தாவலில் ஏறிவிட்டு மறுநாளே கிளம்புவதாக இருந்ததை மாற்றி இரண்டு இரவு வைத்தோம். கல்பாவிலும் காஜாவிலும் ஓய்வு. காஜாவிலிருந்து கிராம்ஃபூ வரை ஜீப் வரும். மாப்பிள்ளை ஊர்வலம் என்று யாரும் சொல்லவில்லை. ஆசிரியை மூன்று விதிகள் எழுதினார். மெதுவாகப் போகிறவர் முன்னால் போக வேண்டும். மற்றவர்கள் அவருக்குப் பின்னால். குதிகாலோடு விரல் வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாதவரும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறவரும் உடனே கீழே இறங்க வேண்டும்; விவாதம் கிடையாது. இறங்குகிறவர் தனியாக இறங்கக் கூடாது.

"பசங்களைச் சுற்றுலா கூட்டிப் போறப்ப கடைசியா நடக்கிற பையனைத்தான் முன்னால விடுவேன். அப்பதான் யாரும் தொலையமாட்டாங்க" என்றார். முதல் விதிப்படி முன்னால் போகப்போவது நான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நீங்களும் நண்பர்களோடு இப்படி ஒரு பயணத்துக்கு ஏற்பாடு செய்கிறீர்கள் என்றால் டயரையும் வரைபடத்தையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு முதலில் அந்தத் தாளை நிரப்புங்கள். எங்கள் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் சேர்த்த ஒரு வரி இருக்கிறது: காஜாவிலிருந்து தாபோ வழியாக ரெக்காங் பியோவுக்குக் காலையில் அரசுப் பேருந்து உண்டு, கிளம்பும் நேரத்தைக் காஜா போனதும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் அதைப் பார்த்தபோது தோல்விக்கு டிக்கெட் எடுத்து வைத்ததுபோல் சங்கடப்பட்டேன். இப்போது சங்கடம் இல்லை. திரும்ப நேர்ந்தாலும் அந்தப் பேருந்து தாபோ வழியாகத்தான் போகிறது.