ஸ்கேனர் ஒன்று... கம்ப்யூட்டர் மூன்று! கேபிளைக் கழற்றாமலே பகிர்வது எப்படி?

இரவு 10 மணி. கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். மகள் மாடியறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார். மதிப்பெண் சான்றிதழை அப்லோடு செய்தால் வேலை முடிந்தது. ஆனால் ஸ்கேனர் கீழே ஹாலில், அப்பாவின் பழைய டெஸ்க்டாப்போடு கட்டிப்போட்டது போல நிற்கிறது. கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகினால் ஒன்றுமே நடக்கவில்லை. டிரைவர் இல்லை. அது இருந்த சிடி எந்த டிராயரில் இருக்கிறதோ! சிடியே கிடைத்தாலும், அதைப் போட லேப்டாப்பில் இடம் இல்லை.

கடைசியில் அப்பா ஸ்கேன் செய்து பென் டிரைவில் தருகிறார். மாடிக்குப் போய்ப் பார்த்தால், ஃபைல் அளவு அதிகம் என்கிறது இணையதளம். மறுபடியும் கீழே. மறுபடியும் மேலே.

பல வீடுகளில் இது பழகிப்போன காட்சி. அந்த வீடுகளில் பெரும்பாலும் வைஃபையும் இருக்கும், எல்லாக் கம்ப்யூட்டர்களும் அதே வைஃபையில்தான் இணைந்திருக்கும். அப்படியிருக்க, ஒரு தாளின் படம் மட்டும் ஏன் படியேறி வர வேண்டும்?

பிரின்டருக்கு ஒரு நியாயம், ஸ்கேனருக்கு ஒரு நியாயமா?

விண்டோஸில் பிரின்டரைப் பகிர்வது எளிது. பிரின்டரின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய், 'ஷேரிங்' பகுதியில் ஒரு டிக் போட்டால் போதும். அதே இடத்தில் ஸ்கேனருக்கும் ஒரு டிக் இருக்கும் என்று தேடினால் கிடைக்காது. ஆல் இன் ஒன் பிரின்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் குழம்பிப்போவார்கள். அதை யு.எஸ்.பி-யில் இணைத்துப் பகிர்ந்தால், மற்ற கம்ப்யூட்டரிலிருந்து பிரின்ட் எடுக்க முடியும். ஸ்கேன் மட்டும் வராது.

காரணம், இரண்டும் வேலை செய்யும் விதம். பிரின்ட் எடுப்பது தபால் பெட்டியில் கடிதம் போடுவது போல. அனுப்ப வேண்டியதை வரிசையில் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். ஸ்கேன் செய்வது போனில் பேசுவது போல. 'முன்னோட்டம் காட்டு', 'இந்தப் பகுதி மட்டும் வேண்டும்', 'இத்தனை டி.பி.ஐ', 'கலர் வேண்டாம்' என்று கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருக்கும். ஸ்கேனர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். விளக்கு நகர நகர, படம் வரி வரியாகத் திரும்பி வரும்.

இந்தப் பேச்சுவார்த்தைக்கான விதிமுறைகளும் பழையவை. ஸ்கேனர் மென்பொருள்கள் இன்றும் பயன்படுத்தும் 'ட்வைன்' 1992-ல் வந்தது. யு.எஸ்.பி-யே 1996-ல்தான் அறிமுகமானது. மைக்ரோசாஃப்ட்டின் 'டபிள்யூ.ஐ.ஏ' 2000-ல் வெளியான விண்டோஸ் மி-யோடு வந்தது. யு.எஸ்.பி ஸ்கேனரைப் பொறுத்தவரை, அது 'இதே கம்ப்யூட்டரில்தான் செருகியிருக்கிறது' என்ற கணக்கில்தான் டிரைவர்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

சரி, நீளமான கேபிள் வாங்கிவிடலாமா? யு.எஸ்.பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. ஹாலிலிருந்து மாடிக்கு அது எட்டாது.

ஆனால், வழிகள் இருக்கின்றன. எளியதிலிருந்து தொடங்கலாம்.

வழி 1: ஸ்கேனரை அல்ல, ஃபோல்டரைப் பகிருங்கள்

எந்த வழியில் போனாலும் ஒரு விஷயம் மாறாது. தாளைக் கண்ணாடி மேல் வைக்க, யாராவது ஒருவர் ஸ்கேனர் பக்கத்தில் போயே ஆக வேண்டும். எப்படியும் அங்கே போகப்போகிறோம் என்றால், அங்கேயே ஸ்கேன் பட்டனையும் அழுத்திவிடலாமே! நமக்குத் தேவை, படம் தானாக மாடிக்கு வருவது மட்டும்தான்.

- ஸ்கேனர் இணைந்திருக்கும் கம்ப்யூட்டரில் 'ஸ்கேன்' என்று ஒரு புதிய ஃபோல்டரை உருவாக்குங்கள்.
- அதன் மேல் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்', பிறகு 'ஷேரிங்' பகுதிக்குப் போய் வீட்டில் உள்ளவர்களின் யூஸர் கணக்குகளோடு மட்டும் பகிருங்கள். 'எவ்ரிஒன்' என்று கொடுக்க வேண்டாம்.
- ஸ்கேனர் மென்பொருளில், படங்களைச் சேமிக்கும் இடமாக இந்த ஃபோல்டரைக் கொடுங்கள்.
- மற்ற கம்ப்யூட்டர்களில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, 'நெட்வொர்க்' பகுதியில் அந்தக் கம்ப்யூட்டரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஃபோல்டர் தெரியும். ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்துச் சேமித்துவிட்டால் போதும்.

இதற்குப் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. மாதத்துக்கு ஐந்தாறு பக்கம் ஸ்கேன் செய்யும் வீட்டுக்கு இதுவே தாராளம். குறை ஒன்றுதான். மாடியில் இருந்துகொண்டு 'கொஞ்சம் டி.பி.ஐ குறைத்து எடுப்போம்' என்று மாற்ற முடியாது.

வழி 2: பக்கத்து அறையிலிருந்தே ஸ்கேன்

உங்கள் லேப்டாப் திரையிலிருந்தே ஸ்கேனரை இயக்க வேண்டும் என்றால், 'நாப்ஸ் 2' என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். இது ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இதன் புதிய பதிப்புகளில் 'ஸ்கேனர் ஷேரிங்' என்ற வசதி இருக்கிறது.

ஸ்கேனர் இணைந்த கம்ப்யூட்டரில் இதை இன்ஸ்டால் செய்து, முதலில் அங்கேயே ஒரு பக்கம் ஸ்கேன் செய்து பாருங்கள். அது சரியாக வந்தால், 'ஸ்கேனர் ஷேரிங்' பகுதிக்குப் போய் உங்கள் ஸ்கேனரைச் சேர்த்துவிடுங்கள். மென்பொருளை மூடினாலும் பகிர்வு தொடர வேண்டும் என்ற தேர்வையும் அங்கேயே டிக் செய்யலாம். ஃபயர்வால் அனுமதி கேட்டால், 'பிரைவேட் நெட்வொர்க்' என்பதற்கு மட்டும் சம்மதம் கொடுங்கள்.

அடுத்து, மாடியில் இருக்கும் லேப்டாப்பிலும் நாப்ஸ் 2-வை இன்ஸ்டால் செய்யுங்கள். புதிய புரொஃபைல் உருவாக்கும்போது, டிரைவர் வகையாக 'ஈ-எஸ்.சி.எல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், கீழே இருக்கும் ஸ்கேனர் பட்டியலில் தெரியும்.

இந்த வழியில் பெரிய நன்மை, லேப்டாப்பில் ஸ்கேனரின் டிரைவர் தேவையில்லை. தொலைந்துபோன சிடியைத் தேடவும் வேண்டாம். ஸ்கேனரோடு பேசும் வேலையைக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். லேப்டாப்புக்கு வந்து சேர்வது படம் மட்டும்தான். ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் வசதியும் இந்த மென்பொருளில் உண்டு. அதற்கான மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது.

வழி 3: பரணில் இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை

புதிய விண்டோஸுக்கு டிரைவர் கிடைக்காத ஒரே காரணத்தால், கண்ணாடியும் விளக்கும் மோட்டாரும் நன்றாக இருக்கிற ஸ்கேனர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. கம்ப்யூட்டர்களின் கதையும் அதுதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற முடியாத பல கம்ப்யூட்டர்கள் சும்மா கிடக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்து உட்கார வைக்க லினக்ஸில் ஒரு வழி உண்டு.

லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்குவது 'சேன்' என்ற தொகுப்பு. 1990-களில் இதை உருவாக்கியவர்கள், ஆரம்பத்திலேயே இரண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள். நாம் பார்க்கும் பட்டன்கள் ஒரு துண்டு. ஸ்கேனரோடு பேசுவது இன்னொரு துண்டு. இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கலாம். நடுவில் ஒரு நெட்வொர்க்கும் இருக்கலாம். விண்டோஸில் நாம் தேடிக் களைத்த வசதி, இங்கே அடித்தளத்திலேயே இருக்கிறது.

பழைய கம்ப்யூட்டரிலோ, கையடக்கமான ராஸ்பெர்ரி பை-யிலோ லினக்ஸை இன்ஸ்டால் செய்து ஸ்கேனரைச் செருக வேண்டும். அங்கே 'சேன்டி' என்ற சர்வீஸை இயக்கி, அதன் கான்ஃபிகரேஷன் ஃபைலில் யார் யார் உள்ளே வரலாம் என்று வீட்டுக் கம்ப்யூட்டர்களின் ஐ.பி முகவரிகளை எழுத வேண்டும். மற்ற லினக்ஸ் கம்ப்யூட்டர்களில், இந்த ஸ்கேனர் கம்ப்யூட்டரின் முகவரியைக் கொடுத்தால் இணைப்பு தயார். இது பயன்படுத்தும் போர்ட் எண் 6566.

தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். 'சேன்' திட்டத்தின் இணையதளத்தில், எந்த ஸ்கேனர்கள் இயங்கும் என்ற பட்டியல் இருக்கிறது. உங்கள் மாடல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கேனான் நிறுவனத்தின் லைடு 110, 210 போன்ற மெலிதான ஸ்கேனர்கள் அதில் இடம்பெற்றிருக்கின்றன. உங்களுடையது இல்லையென்றால் இந்த வழியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

போன் வைத்திருப்பவர்களுக்கு?

'போன் கேமராவிலேயே ஸ்கேன் செய்யலாமே, ஸ்கேனர் எதற்கு?' என்று கேட்கலாம். ஒரு பில்லையோ ஒரு பக்க ரசீதையோ எடுக்க போனே போதும். ஆனால் தாத்தாவின் கல்யாண போட்டோ, மடிப்பு விழுந்த பத்திரம், பளபளக்கும் லேமினேஷன் சான்றிதழ் போன்றவற்றில் நிழலும் வெளிச்சத் திட்டுகளும் விழாமல், ஓரங்கள் கோணாமல் எடுக்க ஸ்கேனர்தான் சரி.

போனையும் இந்த ஏற்பாட்டில் சேர்க்கலாம். வழி 3-ல் அமைத்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் 'ஏர்சேன்' என்ற மென்பொருளைச் சேர்த்தால், பழைய யு.எஸ்.பி ஸ்கேனரும் வைஃபை ஸ்கேனர் போலவே நெட்வொர்க்கில் தெரியும். போனின் பிரவுசரில் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரியைத் திறந்து, அங்கிருந்தே ஸ்கேன் செய்யலாம்.

ஃபைல் ஏன் இவ்வளவு பெரிது?

ஏ4 தாளை 300 டி.பி.ஐ-யில் ஸ்கேன் செய்தால் 2,480-க்கு 3,508 பிக்ஸல்கள் வரும். கலரில் ஒரு பிக்ஸலுக்கு 3 பைட். மொத்தம் சுமார் 26 எம்.பி. கருப்பு வெள்ளைச் சாயலில் எடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு. 600 டி.பி.ஐ-க்கு மாற்றினால் நான்கு மடங்கு. ஜேபெக்காகவோ பி.டி.எஃப்-ஆகவோ சேமிக்கும்போது இது வெகுவாகச் சுருங்கும் என்றாலும், தொடக்கம் பெரிதாக இருந்தால் முடிவும் பெரிதாகத்தான் இருக்கும். விண்ணப்பத் தளம் சிறிய ஃபைல் கேட்டால், முதலில் டி.பி.ஐ-யைக் குறையுங்கள். 150 டி.பி.ஐ-யிலேயே சாதாரண அச்செழுத்து தெளிவாகப் படிக்க வரும். பாதுகாத்து வைக்க வேண்டிய பழைய போட்டோக்களுக்கு மட்டும் 600-ஐ ஒதுக்குங்கள்.

'ஸ்கேனர் தெரியவில்லை' என்றால்...

- ஸ்கேனர் இணைந்த கம்ப்யூட்டர் ஆனில் இருக்கிறதா? அது ஸ்லீப் மோடுக்குப் போய்விட்டால் ஸ்கேனரும் கூடவே தூங்கிவிடும்.
- இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா? விருந்தினர்களுக்கான 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று தெரியாது.
- நேற்று வந்தது இன்று வரவில்லையா? ரௌட்டர் வேறு ஐ.பி முகவரி கொடுத்திருக்கலாம். ரௌட்டர் செட்டிங்ஸில் அந்தக் கம்ப்யூட்டருக்கு நிரந்தர முகவரி ஒதுக்கிவிடுங்கள்.
- வேறு யாராவது ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார்களா? ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் ஸ்கேனர் பதில் சொல்லும்.

பகிர்வது படத்தை மட்டுமல்ல!

வீட்டு ஸ்கேனரில் படுப்பவை எல்லாம் சாதாரணத் தாள்கள் அல்ல. ஆதார், பான் கார்டு, பாஸ்புக், மருத்துவ அறிக்கை, வீட்டுப் பத்திரம் என்று குடும்பத்தின் மொத்த ரகசியமும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் போகிறது. பகிர்ந்த ஃபோல்டரில் அவை மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தால், வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் அதை எட்டிப்பார்க்க வழி பிறக்கலாம்.

எனவே, வேலை முடிந்ததும் ஃபைலை உரியவரின் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, பகிர்ந்த ஃபோல்டரைக் காலி செய்யுங்கள். வருவோர் போவோருக்கு வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்காமல், கெஸ்ட் வைஃபையை மட்டும் கொடுங்கள். வெளியூரிலிருந்தும் ஸ்கேன் செய்யும் ஆசையில், ரௌட்டரில் போர்ட்டைத் திறந்து ஸ்கேனரை இன்டர்நெட்டுக்குக் காட்டவே காட்டாதீர்கள். ஆதரவு முடிந்த விண்டோஸ் கம்ப்யூட்டரைச் சும்மா பகிர்வுக்கு விடுவதைவிட, அதில் லினக்ஸைப் போட்டுவிடுவது நல்லது.

முக்கியமாக, இந்த ஏற்பாட்டைக் கடைசி நாள் இரவு 10 மணிக்குச் செய்துபார்க்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். முதல் வழியிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் எல்லோரையும் ஒரு பக்கம் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை மகள் சான்றிதழைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு மாடிக்கு ஏறினால், லேப்டாப்பில் 150 டி.பி.ஐ-யா 300-ஆ என்று அவரே முடிவு செய்துகொள்வார். அப்பாவும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்!