கடினம் வேறு, வஞ்சகம் வேறு

‘டெட்ரிஸ் தி கிராண்ட் மாஸ்டர்’ மனிதர் ஆடக்கூடியதே அல்ல, காசு பிடுங்குகிற இயந்திரம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். 1998-ல் ஜப்பானின் அரிகா நிறுவனம் உருவாக்கியது. 500-ஐத் தாண்டினால் கட்டை விழுவதே தெரியாது. தோன்றும்போதே தரையில் கிடக்கும். சரி. ஆனால் தரை தொட்ட பிறகும் நகர்த்த அரை விநாடி தருகிறார்களே! அடுத்த கட்டை எது என்று முன்பே காட்டுகிறது. கடைசியாக வந்த நான்கைத் திரும்பத் தராமலிருக்கவும் பார்க்கிறது. இதுவா கொடுமை? பேரப்பிள்ளைகளின் கைப்பேசியில் தோற்றவுடன் ‘விளம்பரம் பார், உயிர் தருகிறேன்’ என்கிறதே, அதற்கு என்ன பெயர் வைப்பது? இங்கே 999-ஐ எட்டினாலும், நேரத்திலும் புள்ளியிலும் தேறினால்தான் கிராண்ட் மாஸ்டர் பட்டம். காசுக்குக் கிடைக்காது.