பாசி மருந்து வாங்கும் முன் தீனி டப்பாவைப் பாருங்கள்

ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் என் அக்கா குடும்பம் குடியிருக்கிறது. வரவேற்பறையில் 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. படிவம் நான்கில் படிக்கும் அக்கா மகன் இரண்டு வருடப் பெருநாள் பணத்தைச் சேர்த்து வைத்து வாங்கியது. இரண்டு கோமாளி மீன்கள், நான்கைந்து பவளத் துண்டுகள். நான்காவது மாதம் பாறை முழுக்கப் பச்சை முடி முளைத்துவிட்டது. "மாமா, ஒரு பாட்டில் மருந்து இருக்காம். ஊத்தினா மூணே நாள்ல பாசி செத்துடுமாம். நாற்பது வெள்ளி அனுப்புறீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டான்.

நான் அனுப்பவில்லை. கஞ்சத்தனம் என்று அவன் நினைத்திருப்பான். உங்களில் சிலர் வீட்டிலும் இதே தொட்டி, இதே பச்சை முடி இருக்கலாம் என்பதால் என் காரணத்தை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், செத்த பாசி எங்கே போகும்? தொட்டியை விட்டு எங்கும் போகாது. அழுகும். அது தன் உடலில் சேர்த்து வைத்திருந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மீண்டும் நீரில் கரையும். அடுத்த பாசிக்கு விருந்து தயார். போதாததற்கு, அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனும் குறையும். நம் ஊர் வெப்பத்தில் அது சிறிய ஆபத்தல்ல. நீர் சூடாக இருந்தால் அதில் கரையும் ஆக்சிஜனே குறைவு.

இன்னொன்று உங்கள் பாடநூலோடு தொடர்புடையது. பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதியை அவைதான் கொடுக்கின்றன. கடல் சூடாகும்போது பவளம் வெளுப்பது இந்தக் குடித்தனக்காரர்களை இழப்பதால்தான். ஆகவே 'பாசியைக் கொல்லும் மருந்து' என்று ஒட்டிய பாட்டிலைக் கண்டால், எந்தப் பாசியை என்று கேளுங்கள்.

சரி, பச்சை முடி எதைத் தின்று வளர்ந்தது? ஒரு கணக்குப் போடுவோம். உலர் மீன் தீனியில் 1 விழுக்காடு பாஸ்பரஸ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1 கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். பாஸ்பரஸின் அணுநிறை 31. அதோடு நான்கு ஆக்சிஜன் சேர்ந்த பாஸ்பேட்டின் நிறை 95. அதாவது 10 மில்லிகிராம் பாஸ்பரஸ் ஏறத்தாழ 30 மில்லிகிராம் பாஸ்பேட்டாகும். 100 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். பவளத் தொட்டி வளர்ப்பவர்கள் பொதுவாக 0.1க்கு மேல் போகவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். ஒரு கிராம் தீனி, ஒரே நாள், வரம்பைப்போல் மூன்று மடங்கு! அத்தனையும் நீரில் கரைவதில்லைதான். மீனின் உடலுக்குக் கொஞ்சம் போகும். ஆனால் நாள் தவறாமல் வருகிறதே. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் சேர்ந்ததில் பத்தில் ஒரு பங்குதான் வெளியேறும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

அடுப்படித் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். அவன் காலையும் மாலையும் போடும் 'ஒரு சிட்டிகை' இரண்டு கிராமைத் தாண்டியது. அதற்குமேல் நடுப்பகலில் நன்னி வேறு, மீன்கள் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறக்கும்போதெல்லாம் பாவம் பார்த்துக் கொஞ்சம் தூவியிருக்கிறார். நாற்பது வெள்ளி மருந்து நன்னியை என்ன செய்துவிடும்?

குழாய் நீரும் ஒரு வாசல். தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் நீர். அதில் கரைந்திருப்பவை எல்லாம் தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவைக் குழாய் நீரால் நிரப்பினால், அந்த நீரில் இருப்பதும் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டிய நீரைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

அவன் ஒரு கேள்வி கேட்டான், நல்ல கேள்வி. "பாஸ்பேட் சோதிச்சுப் பார்த்தேன் மாமா, பூஜ்யம்தான் காட்டுது. அப்புறம் எப்படிப் பாசி வளருது?" சோதனைக் குழாய் காட்டுவது நீரில் மிச்சமிருப்பதை மட்டுமே. வந்ததையெல்லாம் பாசி உடனுக்குடன் தின்றுவிட்டால் மிச்சம் பூஜ்யம்தான். தட்டு காலியாக இருப்பதால் வீட்டில் சோறே ஆக்கவில்லை என்று சொல்லிவிடலாமா?

பூஜ்யமே நல்லது என்று கிளம்புபவர்களையும் எனக்குத் தெரியும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஒட்டத் துடைத்தால் பவளம் பட்டினி கிடக்கும். அந்த வெற்றிடத்தில் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்புச் சளி வந்து உட்காரும் அனுபவம் பலருக்கு உண்டு. அதைவிடப் பச்சை முடியே மேல் என்பார்கள்.

சிவப்புச் சளிபோல் மணலில் படர்வது வேறு கதை. பலரும் பாசி என்று சொன்னாலும் அது சயனோபாக்டீரியா, அதாவது நுண்ணுயிரி. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே அதன் இனத்தால்தான். அதை ஒழிக்க எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தொட்டியில் ஊற்றுபவர்கள் உண்டு. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மனிதருக்கு மருத்துவர் எழுதித் தரவேண்டிய மருந்து அது. ஓர் அழகுத் தொட்டிக்காக அதைக் கொட்டி, மாற்றும் நீரோடு சாக்கடைக்கும் அனுப்பினால், மருந்துக்கு மசியாத நுண்ணுயிரிகளை நாமே பழக்குகிறோம். தொட்டியில் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நல்ல நுண்ணுயிரிகளுக்கும் அதனால் ஆபத்து.

கடலில் இந்த வேலையை யார் செய்கிறார்கள்? மேய்கிறவர்கள். தியோமானிலோ ரெடாங்கிலோ நீந்தியிருந்தால் நீண்ட கறுப்பு முட்களோடு கிடக்கும் கடல்முள்ளிகளைப் பார்த்து ஒதுங்கியிருப்பீர்கள். அவற்றின் கரீபியன் உறவினம் 1983இல் பனாமா கரையருகே நோயால் சாகத் தொடங்கியது. ஓராண்டுக்குள் கரீபியன் முழுவதும் பத்தில் ஒன்பதுக்கு மேல் மாண்டன. ஜமைக்காவில் பாசி மேயும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். முள்ளிகளும் போனபின் மேய ஆளில்லை. 1970களின் இறுதியில் பாறையில் பாதிக்கு மேல் மூடியிருந்த உயிர்ப்பவளம் 1990களின் தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்கும் கீழே சுருங்கியது. எஞ்சிய இடத்தைப் பெரும்பாலும் பாசி பிடித்துக்கொண்டது. 1980இல் அடித்த பெரும்புயலுக்கும் அதில் பங்குண்டு. உங்கள் தொட்டியில் இரண்டு மூன்று நத்தைகள் பாறையை மேய்வது இந்தக் கதையின் சிறிய வடிவம்தான்.

பாசியைப் பாசியாலேயே அடக்குவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வழி. ஸ்மித்சோனியனைச் சேர்ந்த வால்டர் ஏடி 1980களில் இதை ஒரு கருவியாகவே செய்தார்: நீர் வழியும் வலையில் வேண்டுமென்றே பாசி வளர்த்து, அவ்வப்போது சுரண்டி எடுத்துவிடுவது. சுரண்டியதோடு பாஸ்பேட்டும் வெளியேறும். வீட்டில் தனி அறையொன்றில் விளக்கு வைத்துக் கடற்பாசி வளர்த்து, அறுவடை செய்கிறார்கள்.

அறுவடை செய்ததை எங்கே போடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். மஸ்ஜித் ஜாமெக் அருகே கோம்பாக்கும் கிள்ளானும் கூடுமிடத்தில் இருப்பது நன்னீர்; அங்கே கடற்பாசி பிழைக்காது. ஆனால் விடுமுறைக்குப் போர்ட் டிக்சன் போகும்போது 'கடலில் வந்தது கடலுக்கே போகட்டும்' என்று கொட்டுபவர்கள் உண்டு. 1984இல் மொனாக்கோ கடலாய்வு அருங்காட்சியகத்தின் கீழே ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்ட கோலர்ப்பா என்னும் தொட்டிப் பாசி, பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரவியது.

நமக்கு நெருக்கமான கதையும் உண்டு. மஸ்ஜித் இந்தியாவின் கடைக்காரர்கள் பலரின் பூர்வீகம் இராமநாதபுரம் சீமை. அந்தக் கரையில் மண்டபம் பக்கம் காப்பாஃபைக்கஸ் என்னும் பாசியைப் பிழைப்புக்காக வளர்க்கத் தொடங்கினார்கள். நம் சபாவில் செம்பூர்ணாவிலும் பயிராவது அதே பாசிதான். பற்பசையைக் குழைவாக்கும் கேரஜீனன் அதிலிருந்து வருகிறது. ஆனால் அது மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளங்கள்மேல் படர்ந்து மூடுவதாக 2008இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். செம்பூர்ணாவில் பயிர், குருசடையில் களை.

அக்கா மகன் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் அரைக் கிராம் தீனி போடுகிறான். விளக்கு எட்டு மணிநேரம். பச்சை முடியைப் பல்துலக்கியால் சுரண்டி, நீர் மாற்றும்போது உறிஞ்சி எடுக்கிறான். எடுத்ததை மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுகிறான். ஆறு வாரமாகியும் முழுதாகப் போகவில்லை. பாறையின் பின்பக்கம் இன்னும் இருக்கிறது. தீனி டப்பா மட்டும் நன்னியின் கைக்கு எட்டாத மேல்தட்டில் ஏறிவிட்டது. அதில் அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.