யார் வீட்டுப் பிள்ளை?

நம் மன்றத்தின் சென்ற கூட்டத்தில் ஒரு படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. பேச்சு வாதமாயிற்று, வாதம் பூசலாயிற்று. தலைவர் மேசையைத் தட்டிக் கூட்டத்தை முடித்து வைத்தார். படம் இன்னும் செய்தித்தாளில் சுற்றியபடி அலமாரியின் மேலே கிடக்கிறது. அன்று நான் வாய் திறக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் கை ஓடும் அளவுக்கு மேடையில் நா ஓடாதவன் நான். ஆகவே எழுதுகிறேன்.

படத்தில் இருப்பவர் மேஜர் இராமசாமி பரமேசுவரன். 1987ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள், யாழ்ப்பாணத்தில், இந்திய அமைதி காக்கும் படையின் அதிகாரியாக இருந்து மாண்டவர். இந்தியப் படையின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்கரத்தை இதுவரை பெற்றவர்கள் 21 பேர். அவர்களுள் தமிழர் இவர் ஒருவரே. நவம்பர் 25 அன்று படத்தைத் திறந்து வைத்து ஒரு சிறு கூட்டம் நடத்தலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அவ்வளவுதான்!

"தமிழரைச் சுட்ட படையில் இருந்தவருக்குத் தமிழ் மன்றத்தில் படமா?" என்று ஒரு குரல். "நாட்டுக்காக உயிர் கொடுத்தவரைப் போற்றக் கூசுகிறவன் தமிழனா?" என்று எதிர்க்குரல். இரண்டு குரலும் என் நெருங்கிய தோழர்களுடையவை. இருவரும் கோபிக்கக் கூடாது. இருவருமே அந்த மனிதரைப் பற்றிப் பேசவில்லை என்பது என் கருத்து. ஒருவர் போரைப் பற்றிப் பேசினார். மற்றவர் விருதைப் பற்றிப் பேசினார்.

மனிதரைப் பற்றி நான் அறிந்ததைச் சொல்கிறேன். 1946 செப்டம்பர் 13ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்குச் சென்று மாதுங்காவிலும் சயானிலும் தாராவியிலும் குடியேறிய தமிழரின் பம்பாய் அது. 1932இல் அங்குத் தொடங்கிய தென்னிந்தியக் கல்விக் கழகத்தின் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தார். 1968இல் அறிவியல் பட்டம் பெற்றார். ஆம், நம்மைப் போல் அறிவியல் மாணவர்தாம். அடுத்து ஆய்வுக்கூடத்துக்கோ அலுவலகத்துக்கோ போயிருக்கலாம். அவரோ 1971இல் படையில் சேர முடிவு செய்து, சென்னையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிக்கு வந்தார். 1972 சூன் 16இல் மகார் படைப்பிரிவில் அதிகாரியானார். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களுக்காக அம்பேத்கர் பாடுபட்டதன் பயனாய் 1941இல் எழுந்த படைப்பிரிவு அது. வடகிழக்கு மலைகளில் ஆண்டுகள் கழிந்தன. சிப்பாய்கள் அவரைப் 'பாரி சாகிபு' என்று அழைத்தார்கள். வேள்பாரியை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை; பெயரைச் சுருக்கினார்கள், அவ்வளவே. ஆனாலும் அச்சுருக்கத்தைப் படித்தபோது எனக்கு ஒரு கணம் மெய் சிலிர்த்தது.

1987 சூலை 29இல் இந்திய இலங்கை உடன்பாடு கையெழுத்தாயிற்று. மறுநாளே இந்தியப் படை இலங்கையில் இறங்கத் தொடங்கிவிட்டது. முதலில் சென்றவற்றுள் ஒன்று 8ஆவது மகார். அமைதி காக்கச் சென்ற படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரிடும் படையாயிற்று. அக்டோபர் 11ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் உலங்கூர்தியிலிருந்து இறங்கிய சீக்கியச் சிப்பாய்கள் 30 பேரில் 29 பேர் மாண்டனர். நாம் மாலையில் பந்து விளையாடுகிறோமே, அதைப் போன்ற ஒரு திடலில்! அதே மாதம் 21, 22ஆம் நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையின் துப்பாக்கிக்கு நோயாளர், மருத்துவர், தாதியர் என 60க்கும் மேற்பட்டோர் இரையாயினர். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விழுங்குகிறவர் எந்தக் கட்சியினராயினும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

நவம்பர் 24ஆம் நாள் இரவு, உடுவிலுக்கு அருகே கந்தரோடையில் ஆயுதங்கள் இறங்குவதாகத் தகவல் வந்தது. பரமேசுவரன் தம் படையினரோடு தேடப் போனார். தேடிவிட்டுத் திரும்பும் வழியில் பதுங்கியிருந்தவர்கள் சுட்டார்கள். அவர் பின்புறமாகச் சுற்றி வளைத்து அவர்கள்மேல் பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவரை மார்பில் சுட்டார். சுட்டவரின் துப்பாக்கியையே பறித்து அவரைச் சுட்டு வீழ்த்திவிட்டு, உயிர் பிரியும்வரை ஆணைகள் இட்டுக்கொண்டிருந்தார். வயது 41. விருதுப் பத்திரம் கூறும் செய்தி இது. எதிர்த்தரப்பில் ஐவர் மாண்டனர், மூன்று துப்பாக்கிகள் கிடைத்தன என்றும் அப்பத்திரம் கணக்குச் சொல்கிறது. ஐவரின் பெயர்கள் அதில் இல்லை. பத்திரங்கள் அப்படித்தான் எழுதப்படும்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், பத்திரம் எழுதாததை நாமும் எண்ணாமல் இருக்க வேண்டுமா? மார்பில் சுட்டவர், சுடப்பட்டவர் இருவரின் தாய்மாரும் பிள்ளையைக் கண்ணே என்று கொஞ்சிய மொழி ஒன்றுதானே!

2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்தபோது நம்மில் பலர் கூட்டமாகச் சென்று பார்த்தோம். 2014இல் காசுமீரத்தில் மாண்ட மேஜர் முகுந்த் வரதராசனின் கதை. அவர் மனைவியின் துயரைக் கண்டு நம் விடுதியின் முரடர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பரமேசுவரனுக்கும் ஒரு மனைவி இருந்தார். அந்த அம்மையாரை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? கணவனை இழந்த பெண்ணிடம், "உன் கணவர் போன போர் சரியா தவறா என்று முதலில் தீர்ப்பு ஆகட்டும், பிறகு அழுகிறோம்" என்று சொல்ல யாருக்கு உரிமை? முகுந்துக்கு அழுவது எளிது. எதிரி வேற்று மொழி பேசினான். பரமேசுவரனுக்கு அழுவது கடினம். அக்கடினத்துக்கு அஞ்சி நாம் அவரை மறந்தோம். அதற்குக் கொள்கை என்று பெயர் சூட்டிக்கொண்டோம்.

இதை நான் நூலகத்தில் இருந்து மட்டும் எழுதவில்லை. நான் குடியிருப்பது மட்டாஞ்சேரியில். எங்கள் சந்தில், அறுபதைக் கடந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் தந்தை கோட்டைக் கொச்சித் தோபிகானாவில் துணி வெளுத்தவர். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த வண்ணார்களின் வழியினர் தாங்கள் என்று அம்மக்கள் சொல்வதுண்டு. தலைமுறை தலைமுறையாய்ப் பிறர் உடுப்பை வெளுத்த குடும்பத்தில் முதன்முதலாகத் தாமே உடுப்பு அணிந்தவர் இவர். மதராஸ் படைப்பிரிவில் சிப்பாய். 1987இலும் 1988இலும் இலங்கையில் இருந்தார். பல முறை கேட்டும் அதைப் பற்றிப் பேசமாட்டார். ஒரு மழை நாளில், மிளகுக் கிடங்கின் தாழ்வாரத்தில் இருவரும் ஒதுங்கி நின்றபோது, தாமாகவே சொன்னார்:

"தம்பி, போன புதுசுல மாலை போட்டாங்க. வீட்டுக்குள்ள கூப்பிட்டு டீ கொடுத்தாங்க. அப்புறம் சண்டை வந்துச்சு. அதே கதவைத் தட்டினா உள்ளேயிருந்து, 'ஐயா சுடாதீங்கோ, பிள்ளையள் இருக்கு'ன்னு குரல் வரும். கூட நிக்கிற வடக்கத்தியானுக்கு அது வெறும் சத்தம். எனக்குத்தான் அது வார்த்தை."

மழை விட்டது. அவர் போய்விட்டார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

1990 மார்ச்சு 24ஆம் நாள் கடைசி அணி திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. திரும்பிய படைக்குச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு நடந்தபோது முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை, தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மனம் ஒப்பவில்லை என்றார். அம்மறுப்பின் பின்னிருந்த வேதனையை நான் மதிக்கிறேன். ஆனால், தில்லியின் முடிவின்மேல் பிறந்த சினம் தில்லியைச் சேரவில்லை. கப்பலின் படியில் இறங்கி வந்த சிப்பாயைச் சேர்ந்தது. அந்த வரிசையில் எங்கள் சந்துப் பெரியவரைப் போல எத்தனை தமிழ்ப் பிள்ளைகளோ! ஏறத்தாழ 1,200 பேர் அந்தப் படியில் இறங்கவே இல்லை. அவர்கள் பெயர்களைக் கொழும்புக்கு அருகே சிறீ சயவர்த்தனபுரக் கோட்டையில் இலங்கை அரசு கல்லில் பொறித்தது. தில்லியில் தேசியப் போர் நினைவிடம் திறந்தது 2019இல்தான்.

புறநானூற்றைப் புரட்டிப் பாருங்கள். சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் ஒரே களத்தில் பொருது இருவரும் மடிந்தார்கள். கழாத்தலையாரும் பரணரும் பாடினார்கள். எந்தப் பக்கம் சரி என்று அவர்கள் வழக்காடவில்லை. கழாத்தலையார் களத்தில் கிடந்த இருவரையும் பார்க்கிறார். அவர்கள் மனைவியரையும் பார்க்கிறார். அந்தக் கண் நமக்கு எங்கே போயிற்று? தமிழ் மன்றம் என்று பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறோமே, இதைவிடத் தமிழ்க் கண் வேறு எது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டால் பரமேசுவரனுக்கு விடை எளிதன்று. மராட்டியருக்கு அவர் மதராசி. தமிழ்நாட்டுக்கு அவர் பம்பாய்க்காரர். சென்னைச் சாலிக்கிராமத்தில் படையினர் குடியிருப்பு ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2023 சனவரி 23இல், அந்தமானில் பெயரின்றிக் கிடந்த தீவுகளுக்கு 21 வீரர்களின் பெயர் சூட்டியபோது ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஊர் உரிமை கொண்டாடாதவருக்குக் கடல் நடுவே ஒரு தீவு! பிழைக்கப் போன இடத்தில் பிறந்து வளர்கிற நமக்கு இது புதிதா? கொச்சியில் என்னைப் 'பாண்டி' என்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் 'மலையாளத்தான்' என்கிறார்கள். நாம் உரிமை கொண்டாடாவிட்டால் அவரை வேறு யார் கொண்டாடுவார்?

ஆகவே செயற்குழுவுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இது. படத்தை மாட்டுங்கள். வீர வணக்க முழக்கம் வேண்டா, பட்டாசு வேண்டா, 'புலிகளை வென்ற புலி' என்று அட்டையில் எழுதவே வேண்டா. படத்தின் கீழே அவர் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், இறந்த ஊர் கந்தரோடை என எழுதினால் போதும். அன்று மாலை, விருதுப் பத்திரத்தை ஒருவர் தமிழில் படிக்கட்டும். பெயர் தெரியாத அந்த ஐவருக்கும், மருத்துவமனையில் மாண்டவர்களுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். எதிர்த்துப் பேசிய தோழர் விரும்பினால் எதிர்த்தே பேசட்டும். அதற்கும் பத்து நிமிடம் ஒதுக்குவோம். அவரும் எழுந்து நிற்பார் என்று நம்புகிறேன்.

எங்கள் சந்துப் பெரியவரையும் அழைத்தேன். முதலில் மறுத்தார். மறுநாள் காலை, பால் வாங்கப் போன இடத்தில் என்னை நிறுத்தி, "வரேன் தம்பி. ஆனா மேடைக்குக் கூப்பிடக் கூடாது. கடைசி வரிசையில ஒரு நாற்காலி போடச் சொல்லு" என்றார்.